நிரந்தர முகவரி

"கண்ணி வெச்சது உம் புருஷன்தான்னு ஊருக்கே தெரியும். இப்ப அந்தக் கொரில்லாவத் தேடிக் குடுத்தாவது பாவத்தக் கழுவிக்க," என்றார் ஊர்ச் சேர்மன் முகரூரா.

கெத்ரேசி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. ஆறு நாளாக லாக்கப்பில் கிடக்கும் அவள் புருஷன் சபிட்டிக்குக் கொண்டுபோக வேண்டிய கிழங்கு அது.

அவள் விரித்த பாயில் காட்டு வார்டன் ஓடோச் உட்கார்ந்தார். சேர்மன் உட்காரவில்லை. தகரக் குவளையில் தண்ணீர் கொடுத்தாள். வார்டன் வடக்குச் சீமைக்காரர், எதுவும் யோசிக்காமல் குடித்துவிட்டார். மேடேறி வந்த சேர்மனோ எச்சிலை விழுங்கினாரே தவிர, குவளையைத் தொடவில்லை. எங்கள் மலையில் சேர்மனின் பகிகா இனத்தார், காட்டுக்குடிகளான பட்வா வீட்டுக் குவளையில் வாய் வைக்க மாட்டார்கள். கல்யாண வீட்டில் ஊரே ஒரு பானையில் குழல் போட்டுச் சோளக்கள் உறிஞ்சும். பட்வாவுக்கு மட்டும் உடைந்த சுரைக்குடுவையில் தூர நிறுத்தி ஊற்றுவார்கள். அந்தச் சோளத்தைக் களையெடுத்து, அறுத்து, சுமந்து வந்தது பட்வாவின் கைதான். அதில் மட்டும் எந்தத் தீட்டும் இல்லையாம்!

நடந்தது இதுதான். முதுகில் குட்டியோடு திரிந்த ஒரு தாய்க் கொரில்லாவின் மணிக்கட்டில் கம்பிக் கண்ணி இறுகியிருப்பதை ரோந்துக்காரர்கள் பார்த்தார்கள். அன்று மாலையே சபிட்டியைப் பிடித்துப் போனார்கள். சாட்சி ஒன்றும் கிடையாது. 'வேட்டைக்காரப் பரம்பரை, வேற எவன் வெச்சிருப்பான்?' என்று சேர்மன் சொன்னார், அது போதுமாகிவிட்டது. வனப் பாதுகாப்பு மக்கள் குழுவின் தலைவரும் அவர்தானே. பன்னிரண்டு பேர் கொண்ட அந்த மக்கள் குழுவில் பட்வா ஒருவர்கூடக் கிடையாது. கொரில்லாவைத் தொட்டால் குலம் விளங்காது என்று பாட்டன் காலத்திலிருந்து ஒதுங்கிப் போன பட்வா சனத்தை, காட்டைக் காக்கிறோம் என்று துப்பாக்கி காட்டிக் காட்டைவிட்டே முன்பு துரத்தினார்கள். அப்போது கெத்ரேசிக்குப் பன்னிரண்டு வயது.

"மூணு நாளா தடமே கிடைக்கலம்மா," என்றார் வார்டன். "டாக்டர் மருந்தோட வந்து காத்துக்கிட்டிருக்காரு. கை அழுகிச்சுன்னா தாயி போயிரும். பால் இல்லாம குட்டியும் போயிரும்."

கெத்ரேசியின் கை இப்போதுதான் நின்றது. "கண்டுபிடிச்சுக் குடுத்தா எம் புருஷன விடுவீங்களா?"

"கண்ணி அவன் வெச்சதில்லன்னு தெரிஞ்சா, நானே ஸ்டேஷன்ல வந்து சொல்றேன்."

"விறகு பொறுக்கக் காலு வெச்சா கேஸு. இப்ப நானே வரணுமாக்கும்."

"இதுங்களுக்கு வாய் மட்டும் நீளம்," என்றார் சேர்மன்.

"வாய் ஒண்ணுதான் சேர்மன் மிச்சம் விட்டிருக்கீங்க. அதையும் வேலி போட்டு எடுத்துக்கிட்டுப் போயிராதீங்க."

ரோந்துக்காரர்கள் மூன்று நாளாகக் கால்தடம் தேடியிருந்தார்கள். கெத்ரேசி தரையைப் பார்க்கவே இல்லை, அது தின்றுபோட்ட தண்டுகளைப் பார்த்தாள். கொரில்லா காட்டுத் தண்டை இரண்டு கையாலும் பிடித்து உரித்துத்தான் தின்னும். ஒரு கை முடமானால் காலால் மிதித்து, பல்லால் இழுக்க வேண்டும். அப்படி உரித்த தண்டில் நார் ஒரு பக்கமாகத் தொங்கும். அந்த நாரைப் பிடித்துக்கொண்டே ஓடைக்குள் இறங்கி, மூங்கிலுக்குள் ஏறி, உச்சிப்பொழுதுக்குள் ஒரு பெரணிப் புதரின் முன்னால் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்திவிட்டாள். உள்ளே குட்டி முனகும் சத்தம் கேட்டது.

டாக்டர் மயக்க ஊசி போட்டுக் கம்பியை வெட்டினார். மணிக்கட்டு வீங்கிச் சீழ் வைத்திருந்தது. "அடிப்பாவி மகளே, இத்தனை நாளா இதோடயா திரிஞ்ச," என்று கெத்ரேசி மாலை மாலையாய்க் கண்ணீர் விட்டாள். பிறகு கீழே விழுந்த கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சைக்கிள் பிரேக் கம்பி அது. நுனியில் ஒரு விரல் நீளத்துக்கு நீல உறை ஒட்டியிருந்தது. பட்வா குடியிருப்பில் யாரிடம் சைக்கிள் இருக்கிறது?

காட்டு வாசலில் சேர்மன் காத்திருந்தார், பக்கத்தில் அவருடைய சைக்கிள் சாய்ந்து நின்றது. வலது பிரேக்கில் நீல உறைக் கம்பி. இடது பிரேக்கில் கம்பியே இல்லை. கெத்ரேசி நேராகப் போய், கையிலிருந்ததை வலது கம்பியோடு சேர்த்துப் பிடித்தாள்.

"பாருங்க வார்டன் ஐயா. கூடப் பொறந்ததுங்க மாதிரியில்ல இருக்கு?"

சேர்மனுக்கு முகம் செத்துவிட்டது. "பொண்ணு நிச்சயத்துக்கு... மான் கறிக்குன்னு வெச்சது. கொரில்லா வந்து மாட்டும்னு நான் கண்டேனா?"

"கண்டீங்களோ இல்லையோ, எம் புருஷன மாட்டிவிட்டீங்களே! அது தெரிஞ்சுதான பண்ணுனீங்க?"

வேலியே பயிரை மேய்ந்த கதை அன்றே மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. சேர்மனைக் கொண்டுபோய் அதே லாக்கப்பில், சபிட்டியோடு அடைத்தார்கள்.

மறுநாள் கெத்ரேசி கிழங்கோடு போனபோது, கம்பிக்குப் பின்னால் அந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்த்தாள். அறைக்கு ஒரு தண்ணீர்க் கேன், ஒரே குவளை. முந்தின நாளிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த சேர்மன், சபிட்டி குடித்துக்கொண்டிருந்த குவளையைப் பிடுங்கி மடக்மடக்கென்று குடித்தார். சபிட்டி அதைத் திரும்ப வாங்கி, தண்ணீர் ஊற்றி இரண்டு தடவை கழுவினான்.

"தப்பா நெனைக்காதீங்க சேர்மன். நீங்க சொல்லிக் குடுத்த பழக்கந்தான்," என்றான்.

கெத்ரேசிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை. சேர்மன் பெண்டாட்டி நிலப்பத்திரத்தோடு வந்தாள். சார்ஜண்ட் ஜாமீன் பாரத்தில் ஊர், வீடு, நிலம் எல்லாம் எழுதிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். சேர்மன் மட்டும் வெளியே வந்தார்.

"அப்ப எம் புருஷன்?"

"அவன் வெக்கலன்னு வார்டன் எழுதிக் குடுத்துட்டாரும்மா," என்றார் சார்ஜண்ட். " ஆனா கேஸு கோர்ட்டுக்குப் போயிருச்சு. மாஜிஸ்ட்ரேட்டு அடுத்த மாசம்தான் வருவாரு. அதுவரைக்கும் ஜாமீன்ல விடணும்னா நிரந்தர முகவரி வேணும். எங்க இருக்கீங்க?"

"சர்ச்சு நெலத்துல."

"அது சர்ச்சோட முகவரி. அதுக்கு முன்னாடி?"

"காட்டுல."

"காடெல்லாம் முகவரி ஆகாதும்மா. இல்லன்னா உங்க சேர்மன்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வா."

"கண்ணி வெச்சவன் கையால, வெக்காதவனுக்கு லெட்டரா? தூ! நல்ல சட்டம்!"

வாசல்படியில் நின்ற சேர்மன் திரும்பினார். தொண்டை நனைந்துவிட்டதல்லவா, பழைய குரல் வந்துவிட்டது. "பட்வாங்க எங்க ஊர்ப் பட்டியல்லயே இல்ல. எப்படிக் குடுக்க?" என்று சொல்லிவிட்டுப் பெண்டாட்டியோடு நடையைக் கட்டினார்.

கெத்ரேசி போகவில்லை. ஸ்டேஷன் வாசலிலேயே அடுப்பு மூட்டி உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் வார்டன் ஓடோச் மூச்சிரைக்க வந்தார்.

"கெத்ரேசி, டாக்டர் அந்தக் காயத்துக்கு மறுபடி மருந்து போடணுங்கறாரு. பசங்க திரும்பவும் தடத்த விட்டுட்டாங்க. வாம்மா."

காரியம் ஆக வேண்டுமென்றால் 'அம்மா' எப்படித் தித்திக்கிறது! அவளுக்கு அந்த வீங்கிய கை கண்ணில் வந்து நின்றது. குட்டி முனகியது காதில் கேட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"முகவரி இருக்கறவங்களக் கூட்டிட்டுப் போங்க ஐயா. சேர்மன் வீட்டுலதான் இருப்பாரு."

வார்டன் உள்ளே போய், சபிட்டியின் ஜாமீன் பாரத்தையும் பேனாவையும் கேட்டு வாங்கினார். பிணை நிற்பவர் இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிரந்தர முகவரி என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. வாசலைப் பார்த்தார்.

"என்னம்மா எழுதறது இதுல?"

"இத்தனை பேரும் வழி தெரியாம நின்னீங்களே, ஒரு எடம்," என்றாள் கெத்ரேசி. "அதான் எங்க முகவரி. எழுதுங்க."