சனிக்கிழமை லேப்

"படிச்சு என்ன பண்ணப் போற?"

"முடிக்கப் போறேன்."

"அது சரி, முடிச்சு?"

"முடிச்சா முடிச்ச மாதிரி இருக்கும்."

"இப்ப இத யாராவது உன்கிட்ட கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல. அதனாலதான் இத்தனை வருஷம் ஆச்சு."

கல்லூரியில் மறுபடி இடம் கிடைத்த அன்று எனக்கும் என் கணவருக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சிரித்தார். வேண்டாம் என்றிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சிரிக்கிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? மறுநாளிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டு காலேஜ் குமரியைப் பாத்தீங்களா?" என்று என்னைக் காட்ட ஆரம்பித்தார்.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. இயற்பியல் பட்டப்படிப்பின் கடைசி வருஷத்தில் கல்யாணம். கடை திறக்கிற நேரம், அப்புறம் படிக்கலாம் என்றார்கள். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பது என் வேலையாயிற்று. கல்லாவில் உட்கார்ந்து கலகலப்பாகப் பேசுவது அவர் வேலை. இப்போது காலையில் கல்லூரிக்குப் போகிறேன். மத்தியானம் கடைக்கு வந்து, விட்டுப்போன வேலையையும் சேர்த்து முடிக்கிறேன். அவருடைய சாப்பாட்டு டப்பாகூட ஒருநாள் தவறியதில்லை.

சனிக்கிழமைகளில்தான் கடையில் கூட்டம். சனிக்கிழமைகளில்தான் அவருக்குக் கேரம் போர்டு ஆட்டமும். "இதோ வந்துடறேன்" என்று காலையில் கிளம்பினால், கடையை மூடும் நேரத்துக்குத்தான் வருவார். ஒரே ஒரு சனிக்கிழமை எனக்குக் கொடுங்கள் என்று கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். அதற்குள் அவர் செருப்பை மாட்டியிருப்பார்.

இந்த வியாழக்கிழமை லேப். குவிலென்ஸின் குவியத் தூரத்தை அளந்து, அதிலிருந்து பவரைக் கணக்கிட வேண்டும். அளந்தேன், கணக்குப் போட்டேன், எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளருக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். நோட்டைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"அஞ்சு, அஞ்சு, அஞ்சேகால், அஞ்சு. லேப்ல இவ்வளவு அழகா விடை வருமா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். கடையில் லென்ஸ் கால் கால் பவராகத்தான் ஏறும், இடையில் எதுவும் கிடையாது. கால்குலேட்டர் அஞ்சு புள்ளி பூஜ்யம் எட்டு என்று காட்டியதை, என் கை தானாகவே அஞ்சு என்று எழுதியிருக்கிறது.

"சார், கடைப் பழக்கம். கை தன்னால பக்கத்துக் காலுக்குப் போயிடுச்சு. அளந்ததெல்லாம் நிஜம். வேணும்னா இப்பவே மறுபடி..."

"பாத்து எழுதினேன்னு ஒத்துக்கங்க, போதும். இந்த வயசுல வந்து காப்பி அடிக்கணுமா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குக் காதுமடல் கொதித்தது. விடையைக் கடைக்கணக்காக மாற்றியது தப்பு, என் தப்பு. ஆனால் திருட்டா? என் பிள்ளை வயதில் இருப்பவர்கள் முன்னால் எனக்கு இந்தப் பட்டமா?

அவர் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு இழுத்தார். "சனிக்கிழமை காலைலேர்ந்து லேப் திறந்திருக்கும். அத்தனை சோதனையும் என் முன்னாடி மறுபடி பண்ணுங்க. வரலைன்னா இந்த வருஷம் பரீட்சை எழுத முடியாது."

"வரேன் சார். பண்ணி முடிச்சதும் காப்பின்னு சொன்னதை நீங்க திரும்ப வாங்கிக்கணும். இதே கிளாஸ் முன்னாடி."

அவர் லென்ஸ் பெட்டியை மூடினார்.

கடைக்கு வந்தபோது வாடிக்கையாளரான தபால்காரர் கண்ணாடி முன் உட்கார்ந்து ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்தார். பையை வைத்த கையோடு நடந்ததைக் கணவரிடம் சொன்னேன். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"கேட்டீங்களா சார்? கடையையே காலேஜுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கா!"

"தொழில் கையில ஊறிப்போச்சு, பாவம்" என்றார் தபால்காரர்.

"விடும்மா" என்று கணவர் என் பக்கம் திரும்பினார். "இதோட போதும்னு ஆண்டவனே காட்டிட்டான். அதுவும் சனிக்கிழமையாமே! சனிக்கிழமை நீ இல்லாம கடை எப்படி ஓடும்?"

"அதான் நீங்க இருக்கீங்களே?" என்று தபால்காரர் வெள்ளந்தியாகக் கேட்டார்.

"நானா? சனிக்கிழமை எனக்கு மேட்ச் சார்!"

ஏதோ ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவர் போலச் சொன்னார். எனக்குள் லேபில் பற்றிய நெருப்பு இப்போதுதான் கொழுந்துவிட்டது. என்னைத் திருடி என்று சொன்ன மனிதர்கூட எனக்கு ஒரு சனிக்கிழமை கொடுத்திருக்கிறார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த இவருக்கு அது தோன்றவே இல்லையே. இவர் கெட்டவரும் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருப்பார். காய்ச்சல் வந்தால்தான் என்னைப் பார்ப்பாரா?

தபால்காரரின் காதிலிருந்து ஃபிரேமை மெதுவாகக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

"என்னங்க, இங்க பாருங்க."

பார்த்தார். சிரிக்கத் தயாராகத்தான் பார்த்தார்.

"இந்தச் சனிக்கிழமை நீங்க கடையில இருங்க. திறக்கறதுலேர்ந்து மூடற வரைக்கும் நீங்கதான் இருக்கணும். நான் காலேஜுக்குப் போகணும்."