மூலை வெட்டிய அட்டைகள்

பெட்டியைத் திறந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. லத்தீன் அகராதிக்காக ஆறு வருடம் அவள் எழுதிய அட்டைகள். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை, எழுதியவர் பெயர் வலது கீழ் மூலையில். அதுதான் அந்த அலுவலகத்து வழக்கம். இப்போது ஒன்றில்கூட மூலை இல்லை. கத்தரிக்கோலால் நறுக்கித் தள்ளியிருந்தார்கள்.

'வலிமை' பகுதி முழுக்க அவளுடையது. 'ரோபுர்' என்றால் ஓக் மரம், அதன் உறுதி, அதிலிருந்துதான் ஆங்கிலத்து ரோபஸ்ட். 'ஃபோர்டிஸ்' என்றால் திடமானது. கம்ஃபர்ட், எஃபர்ட் இரண்டும் அது பெற்ற பிள்ளைகள். இதையெல்லாம் தேடித்தேடி அவளுக்குக் கண் பூத்துப்போனது. ஆனால் அகராதியின் முதல் பக்கத்தில் தொகுத்தவர் என்று வரப்போவது அதன் தலைமை ஆசிரியரின் மருமகன் பெயர். அந்த மகானுக்கு லத்தீன் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது.

பெட்டியைக் கொண்டுபோய்த் தலைமை ஆசிரியரின் மேசைமேல் தொப்பென்று போட்டாள்.

"என் பேரு எங்க சார்?"

"மூலையெல்லாம் மடங்கிக் கிடந்துச்சும்மா, அதான் வெட்டச் சொன்னேன். நன்றியுரையில ஒரு வரி போட்டுடலாம்."

"ஒரு வரியா? ஆறு வருஷம் சார்!"

"கத்தாதீங்க. மாப்பிள்ளைக்குப் பேராசிரியர் வேலை கூடி வருது, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க. 'வீஸ்' அட்டை இன்னும் வரல. சாயங்காலம் அச்சுக்குப் போகணும்."

மருந்துக்கும் வெட்கமில்லாத மனுஷன். இவருக்காகவா காய்ச்சலோடு வந்து உட்கார்ந்து எழுதினோம்?

பல்லைக் கடித்துக்கொண்டு 'வீஸ்' எழுதினாள். பலம், பலாத்காரம், இரண்டுக்கும் ஒரே சொல். வயலன்ஸுக்கும் அதுதான் வேர். இனி எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றுதான் பாக்கி. எடுத்துக்காட்டுகளைத் தலைமை ஆசிரியர் ஒருநாளும் படித்ததில்லை. கடைசிப் பிழைதிருத்தமும் அவள் கையில்தான். நிதானமாக ஒரு வாக்கியம் எழுதி நீட்டினாள். அவர் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

கணினியில் அச்சுக்கோப்பவர் அட்டையை வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

"'இந்தச் சொற்களை ஆறு வருடம் உழைத்து எழுதியவளின் பெயரை வெட்டிவிட்டுத் தன் மருமகன் பெயரைப் போட்டார் தலைமை ஆசிரியர்; அது பலாத்காரம்.' அம்மா, அடைப்புக்குறியில உங்க பேரு, இனிஷியலோட இருக்கே. இதையும் டைப் அடிக்கணுமா?"

"கீழ அவரு கையெழுத்து இருக்குல்ல அண்ணே? ஒரு புள்ளி விடாம அடிங்க."