குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்

மாநாட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கான தகவல் பக்கத்தை எழுதியது நான்தான். விமான நிலையத்திலிருந்து எந்த ரயில், எந்த மாதிரி பிளக், டாக்சிக்காரர் மீட்டர் போடாவிட்டால் என்ன செய்வது, எல்லாம் அதில் உண்டு. "குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்" என்று ஒரு வரியும் உண்டு. எழுதியபோது அது உண்மைதான்.

போன வாரம் கொட்டிய மழையில் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்துவிட்டது. கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று நகராட்சி வண்டியில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். என் மாமியார் பல் தேய்க்கக்கூட வெந்நீர் கேட்கிறார். அந்த வரியை எடுத்துவிடலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'நாளைக்கு'.

"இப்பப் போய் அதைத் தூக்கினா பாதிப் பேர் டிக்கெட்டை ரத்து பண்ணிடுவாங்கம்மா. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார், கேன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல். கடல் பாசியைப் பற்றிப் பேச வருகிறவர். "எனக்கு மாற்றுச் சிறுநீரகம். தங்கை கொடுத்தது. ஒரு சின்னத் தொற்று வந்தாலும் அந்தச் சிறுநீரகம் போய்விடும் என்கிறார் மருத்துவர். அங்கே குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா? மதியம் விமானம் ஏறுகிறேன்."

எங்கள் அலுவலகத்தில் ஒரு ஏற்பாடு. கேள்வி வந்ததும் தகவல் பக்கத்திலிருந்து ஒரு பதிலைக் கணினியே எடுத்து வைக்கும். நாங்கள் பார்த்துத் திருத்தி அனுப்ப வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குள் யாரும் தொடாவிட்டால் அதுவே அனுப்பிவிடும். பதில் தாமதமாகிறது என்று புகார் வந்தபோது 'நாளைக்கு' கண்டுபிடித்த வைத்தியம் அது. வாழ்க்கையில் அந்த மனிதர் அவசரப்பட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

நான் அவர் அறைக்கு ஓடினேன்.

"இவர் ஒருத்தருக்காவது உண்மையைச் சொல்லணும் சார்."

"எழுத்துல குடுத்தா நாலு பேருக்கு அனுப்புவாரு. வந்ததும் கேன் தண்ணி குடுத்துக்கலாம்."

"அதுக்குள்ள குடிச்சிட்டா?"

"ஏம்மா, நீ வேற!"

வாதாடினேன், கெஞ்சினேன். நடுநடுவே அவருக்குப் போன் வந்தபோதெல்லாம் நகராமல் அங்கேயே நின்றேன். கடைசியில், "சரி, என்னமோ பண்ணு. என்னைக் கேக்கலைன்னு வெச்சுக்க" என்றார். ஜெயித்த மிதப்பில் என் இடத்துக்கு வந்தேன். பதில் போயிருந்தது. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், அன்புடன், கீழே என் பெயர்.

குடிக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்ப எழுதி அனுப்பினேன். அவர் போன் அணைக்கப்பட்டிருந்தது. விமானம் ஏறிவிட்டார்.

அடுத்த நாள் காலை, மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்களோடு விமான நிலைய வாசலில் நின்றேன். அங்கேயும் ஓடுவது அதே தண்ணீர்தான். காதில் போனோடு வந்தார் பேராசிரியர், ஒல்லியான மனிதர். இன்னொரு கையில் ஸ்டீல் பாட்டில். என் கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயரைப் படித்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்கதானா! உங்களைத்தான் சொல்லிட்டிருந்தேன்."

"சார், அதுல என்ன தண்ணி?"

"உள்ள குழாயில பிடிச்சேன். மாத்திரை போடணுமே. பக்கத்துல ஏதோ எழுதி ஒட்டியிருந்தாங்க. உங்க பதில்தான் இருக்கேன்னு நான் அதைப் படிக்கல. இறங்கினதுலேர்ந்து போன்ல பேச்சுதான், மெயிலைக்கூட இன்னும் திறக்கல." போனை நீட்டினார். "தங்கச்சி. உங்ககிட்டப் பேசணுமாம்."

வாங்கிக் காதில் வைத்தேன்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள் அந்தப் பெண். "அண்ணனைத் தனியா அனுப்பவே மாட்டேன்னு அடம்பிடிச்சேன். உங்க பதிலைப் பாத்துட்டுத்தான் விட்டேன்."

"அம்மா, நான் இப்ப அண்ணனை நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

பேராசிரியர் ஒன்றும் புரியாமல், சிரிப்பு மாறாமல், பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கையிலிருந்து பிடுங்கினேன். பாதி காலியாக இருந்தது.