ஆவுடைத்தாய் மடித்த தட்டுகள்

1979ஆம் ஆண்டு ஆடி மாதம் இரண்டாவது சனிக்கிழமை, மதியம் இரண்டே காலுக்கு, ஐந்தருவிச் சாலையில் இருந்த பிரெஞ்சு ஓட்டலில் ஆவுடைத்தாய் ஒரு பீங்கான் தட்டை இரண்டாக மடித்தாள். தட்டு உடையவில்லை. கீறல்கூட விழவில்லை. வாழையிலை எப்படி மடியுமோ அப்படி, விளிம்போடு விளிம்பு சேர்ந்து, அவள் பக்கமாக மடிந்தது. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது.

ஓட்டலை நடத்தியவர் கடையத்துக்காரர் மந்திரமூர்த்தி. பிரெஞ்சுக் கப்பலில் பதினெட்டு வருஷம் சமைத்துவிட்டு ஊர் திரும்பியவர், சீசனுக்கு வருகிற சனம் குளித்துவிட்டு மிளகாய் பஜ்ஜியோடு திருப்திப்பட்டுப் போவதைக் கண்டு மனம் நொந்து அதைத் திறந்தார். வெள்ளை விரிப்பு, வெள்ளைக் கையுறை, ஏழு தவணையாகச் சாப்பாடு. அங்கே இரண்டு விதிகள் இருந்தன. பெண்களுக்கு முதலில் பரிமாற வேண்டும். விருந்தாளி எதைச் செய்தாலும் பரிமாறுகிறவர் முகத்தில் ஆச்சரியம் தெரியக் கூடாது.

தென்காசியில் உரக்கடை வைத்திருந்த சுந்தரபாண்டிக்கு சாரல் விழாக் குலுக்கலில் அங்கே இருவர் சாப்பிடுவதற்கான சீட்டு விழுந்தது. சும்மா கிடைத்ததை விடக் கூடாதென்று மனைவி ஆவுடைத்தாயையும் கூட்டிப்போனார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர்கள் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தது அன்றுதான். வீட்டில் அவர் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் அவள் சாப்பிடுவாள். அதனால் அவர் இலையை மடிப்பதில்லை. முருங்கைச் சக்கை கிடக்கும் ஓரத்தை ஒதுக்கிவிட்டு, அவருடைய விரல்கள் ரசத்தில் போட்ட பாதையிலேயே தன் விரல்களை ஓட்டுவாள். வயிறு நிறைந்ததா என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம் மட்டும் அடுப்புக்குப் பின்னால் ஒரு பல்லியைப் போல அசையாமல் இருந்தது.

பரிமாறியவர் முகம்மது இஸ்மாயில். முதல் தட்டை அவள் முன்னால் வைத்தார். அவள் அதைக் கணவர் பக்கம் நகர்த்தினாள். இஸ்மாயில் அதைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்தினார்.

“அவுக சாப்பிடட்டும். நான் பொறவு சாப்பிடுதேன்.”

“அம்மா, நீங்க கை வைக்காம ஐயாவுக்குத் தட்டு வராது. இங்கன அதான் முறை.”

“ஏட்டி, சீக்கிரம் கை வச்சுத் தொலை. வயிறு கூப்பாடு போடுது,” என்றார் சுந்தரபாண்டி.

முறத்தளவு தட்டின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மீன் துண்டு ஒன்று இருந்தது. சுந்தரபாண்டி தன் பங்கை ஒரே வாயில் முடித்துவிட்டு நிமிர்ந்தார். “தொடுகறி வந்துட்டு. சோறு எப்பம்வே வரும்?”

“வராது, ஐயா.”

துடைக்கக் கொடுத்த துணியை அவர் தோளில் போட்டுக்கொண்டார். வாயைச் சுத்தப்படுத்துவதற்கென்று மங்குஸ்தான் பனிக்கூழ் வந்தபோது நன்றாகக் கொப்பளித்துவிட்டு முற்றத்தைத் தேடினார். இஸ்மாயில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தை ஏந்தினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்து வாத்தா, கோழியா என்று கேட்டார்.

“அவுகளுக்கு எது பிடிக்குமோ அது.”

“ஐயாவைப் பொறவு கேக்குதேன். இப்பம் ஒங்களத்தான் கேக்குதேன்.”

ஆவுடைத்தாய் யோசித்தாள். அதற்குள் சாரல் ஒருமுறை நின்று, வெயிலடித்து, மறுபடி தொடங்கியது. தனக்குள் அந்தக் கேள்வி போய் உட்கார ஒரு இடமும் இல்லாதது அவளுக்கு வெட்கமாக இருந்தது. கடைசியில் “கோழி” என்றாள். சொன்னது யார் என்று பார்ப்பவளைப் போலத் திரும்பிப் பார்த்தாள். அதைத் தின்று முடித்தபோது அவள் கை, அவளைக் கேட்காமலே, தட்டை மடித்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் பிறந்த ஊரான திருவேங்கடத்தில் மடித்த இலைக்குப் பிறகு அந்தக் கை எதையும் மடித்ததில்லை. இஸ்மாயில் மடிந்த தட்டைத் தாம்பாளத்தில் எடுத்துப்போய்விட்டு அடுத்ததைக் கொண்டுவந்தார். மொத்தம் நாலு தட்டு மடித்தாள். சுந்தரபாண்டியும் முழங்கையை ஊன்றித் தன் தட்டை மடித்துப் பார்த்தார். அது உடைந்தது. இஸ்மாயில் துடைப்பம் கொண்டுவந்தார்.

மறுநாள் மதியம் வீட்டில் சுந்தரபாண்டி சாப்பிட்டு எழுந்ததும் அவருடைய இலை தானே மடிந்துகொண்டது.

“ஏட்டி, என்ன செஞ்ச?”

“நான் அடுப்படியிலல்லா நிக்கேன்.”

அதற்கடுத்த நாள் இலைமேல் அம்மிக்குழவியை வைத்தார். இலை குழவியோடு சேர்ந்து மடிந்தது. எவர்சில்வர் தட்டு வாங்கினார். அதுவும் மடிந்தது. மூன்று நாள் ஆவுடைத்தாய் மதியம் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் வந்து பார்த்துவிட்டு, “கொல்லையில வாழை நிக்கி. இன்னொரு இலைய அறுத்துப் போடுததுக்கு என்ன கேடு?” என்றாள். “வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா,” என்றார் சுந்தரபாண்டி. ஆவுடைத்தாயின் பயம் வழக்கத்தைப் பற்றியது இல்லை. புது இலையில் பாதை இருக்காது. எங்கே தொடங்குவதென்று அவளே சொல்ல வேண்டும்.

நாலாம் நாள் இலை அறுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் தடவை பரிமாறியது தீர்ந்ததும் போதுமா என்று தன்னைக் கேட்டுக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் என்று பதில் வந்தது. அவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்றிருந்தது. நாலு மணி வரை அதே பதில் வந்தது. அன்று ராத்திரி சுந்தரபாண்டி செங்கோட்டை ரோட்டில் பரோட்டா சாப்பிட்டார்.

1983இல், சோறு போடாத ஓட்டலுக்கு ஆள் வராமல், மந்திரமூர்த்தி கடையை மூடினார். போகும்போது நாலு தட்டுகளையும் கொண்டுவந்து கொடுத்தார். ஆவுடைத்தாய் ஒன்றில் கடிதங்களையும் ஒன்றில் ரேஷன் கார்டையும் செருகிவைத்தாள். சுந்தரபாண்டியின் இலை நாள் தவறாமல் மடிந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் சற்றுத் தாமதமாக மடிந்தது.

1987 ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சுந்தரபாண்டி கஞ்சி காய்ச்சி, கஞ்சிக்கு இலை ஆகாதென்று தெரியாமல் இலையிலேயே ஊற்றி, ஓடியதைக் கையால் அணைகட்டி, பக்கத்தில் நின்றார். “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?” என்று கேட்டார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “கொஞ்சம் ஊத்துங்க,” என்றாள். அவள் முடித்த பிறகு அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தார். இலை மடியவில்லை. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். பிறகு குனிந்து தானே மடித்தார்.

மறுநாள் அவள் எழுந்துவிட்டாள். அவருடைய இலை வழக்கம்போலத் தானே மடிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.