இடது ஓரத்துக் காம்பு

"எதையும் தொடாதே. இருக்கிறது இருக்கிறபடியே படத்துல வரணும். புரியுதா முக்காடு?"

தம்பிக்கு அக்கா வைத்த பட்டப்பெயர் அது. பெரிய கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தலைமேல் இழுத்துக்கொண்டு நிற்கிறவனை வேறெப்படிக் கூப்பிடுவதாம்!

அவள் தாவர ஆராய்ச்சியாளர். காட்டைப் பிளந்து சாலை போடலாமா என்று பார்க்க மறுநாள் அதிகாரி வருகிறார். அரிய செடி ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், காடு பிழைத்துவிடும்.

தலையை ஆட்டிவிட்டுத்தான் போனான்.

கேமராவின் கண்ணாடித் திரையில் பெரணிச் செடிகள் தலைகீழாகத் தொங்கின. அத்தனை அழகு! இடது ஓரத்தில் மட்டும் காய்ந்த காம்பு ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. முதல் பிலிம். ஷட்டரைப் பன்னிரண்டு விநாடி திறந்து வைக்க வேண்டும். ஆறாவது விநாடியில் காற்று. காம்பு ஆடித் தொலைத்தது.

கை தானாகப் பையிலிருந்த கத்தரிக்கோலுக்குப் போனது. படத்தைக் கெடுப்பதை வெட்டிவிடுவது இருபது வருடப் பழக்கம். 'நறுக்!' வெட்டியதை ஓடையில் வீசினான்.

இரண்டாவது பிலிமில் ஓர் இலைகூட அசையவில்லை.

மதியம், கழுவிக் காயவைத்த முதல் நெகட்டிவை விளக்குப் பெட்டிமேல் வைத்து, லென்ஸோடு குனிந்தாள் அக்கா.

"டேய்! ஒன்பது வருஷமா தேடறேன்டா இதை! இலையே இல்லாத ஆர்க்கிட். குச்சி மாதிரி நிக்கும், நுனியில மட்டும் பொட்டளவு பூ!"

அவன் இரண்டாவது நெகட்டிவ் இருந்த உறையை மெல்லத் தள்ளி வைத்தான்.

"ஆனா ஒரே மசமசன்னு இருக்கே. பூ தெளிவா இல்லாம அந்த ஆள் ஒத்துக்க மாட்டான். காத்து நின்னதும் இன்னொன்னு எடுத்திருப்பியே, அதைக் கொடு."

"அது... சரியா வரலைக்கா."

அவள் அதற்குள் உறையைப் பிரித்துவிட்டாள். ஒவ்வோர் இலை நரம்பும் எண்ணிக்கொள்ளலாம் போலிருந்தது. இடது ஓரத்தில், சாய்வாக வெட்டிய அடித்தண்டும் அதே துல்லியத்தோடு.

லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள் அவள்.

"எங்கே போட்ட?"

"ஓடையில. இப்பவே போய்த் தேடறேன்கா..."

"ஓடை உனக்காகக் காத்துகிட்டு நிக்குமா?"

"வேர் இருக்குல்ல? மறுபடி பூக்காதா?"

"எப்பவோ. நாளைக்குப் பூக்காது."

அவள் கத்தித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

மறுநாள் அவனே முன்னால் நடந்து இடத்தைக் காட்டினான். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது என்னங்க, குச்சியா?"

"பூ சார். நான்தான் வெட்டிட்டேன்."

அவர் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மங்கலானதைத் திருப்பிக் கொடுத்தார். மற்றதைக் கோப்பில் செருகினார்.

"இது ரொம்பத் தெளிவா இருக்கு தம்பி. நல்லா எடுத்திருக்கீங்க."

'பூ எதுவும் காணப்படவில்லை' என்று அவர் எழுதுவதை அவன் பக்கத்திலிருந்தே பார்த்தான்.

அக்கா அந்தத் தண்டைச் சுற்றிக் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கல்லை எடுத்துக்கொண்டு அவனும் குனிந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், புறங்கையால் அவனைத் தள்ளி நிறுத்தினாள்.