அண்ணாச்சி கேட்ட தேதி

முப்பத்தோரு வருஷம் பிறப்பு இறப்புப் பதிவேட்டைக் கட்டிக்கொண்டு மாரடித்த குமரகுருபரனுக்குச் சொந்த அண்ணன் செத்த தேதியைச் சொல்லத் தெரியவில்லை. கேட்டால் சிரிப்பார்கள். திருநெல்வேலி கொக்கிரகுளத்து வீட்டில் அன்று காலை அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் மகள் ப்ரீதா வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். அவர்கள் ஊர்ப் பூங்காவில் அப்பா பெயரில் ஒரு கல்பெஞ்சு போடுகிறாள். பெயரை வெட்டியாகிவிட்டது. இறந்த தேதி மட்டும் பாக்கி. ஜூலை மூன்றா, நான்கா? சித்தப்பா சொல்வதைத்தான் வெட்டப் போகிறாளாம். நாளைக்குள் சொல்ல வேண்டுமாம்.

இதில் கேட்க என்ன இருக்கிறது? செத்த இடம் எதுவோ, அந்த இடத்துத் தேதிதான் தேதி. அமெரிக்கச் சான்றிதழில் மூன்று என்று கிடக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறந்த தேதியை இரண்டு மாதம் முன்னே தள்ளச் சொல்லி வந்தவர்களை ஈவிரக்கமில்லாமல் திருப்பி அனுப்பியவர் அவர். அப்பேர்ப்பட்ட மனிதர் போனைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்.

அண்ணன் ஐயம்பெருமாள் அந்த நாட்டுக்குப் போய் ஐம்பது வருஷம். வருஷா வருஷம் ஜூலை நாலாம் தேதி போன் போட்டு ஒரே கதையைச் சொல்வார். 1776 ஜூலை நாலில் அந்த நாடு சுதந்திரம் சொன்னது. அந்த அறிக்கையை எழுதிய ஜெபர்சன், அதற்காக மல்லுக்கட்டிய ஆடம்ஸ், இரண்டு பேரும் பின்னால் ஜனாதிபதி ஆனார்கள். சரியாக ஐம்பதாம் வருஷம், அதே ஜூலை நாலில், சில மணி நேர வித்தியாசத்தில் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். ஐந்து வருஷம் கழித்து மன்றோ என்ற இன்னொரு ஜனாதிபதியும் அதே தேதியில் போனார். நானும் அன்றைக்குத்தான் போவேன் என்று அண்ணாச்சி முடிப்பார். கல்யாணத்துக்கு நாள் பார்க்கலாம், சாவுக்கு நாள் பார்ப்பார்களா? கூறுகெட்ட பேச்சு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு, சரி அண்ணாச்சி என்பார் தம்பி.

போன வருஷம் அந்தப் போன் காலை ஆறே காலுக்கே வந்துவிட்டது. குமரகுருபரன் அப்போதுதான் தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். படுத்த படுக்கையாகிவிட்ட அண்ணாச்சியின் குரல் நூலாக இருந்தது.

“ஏலே குமரு, இன்னைக்குத் தேதி என்னல?”

“நாலு அண்ணாச்சி.”

“நாலா. சரில.”

அவ்வளவுதான் பேச்சு. ஒரு மணி நேரத்தில் ஆள் போய்விட்டார். அங்கே அப்போது மூன்றாம் தேதி இரவு ஒன்பதே முக்கால். நாலு பிறக்க இன்னும் இரண்டே கால் மணி நேரம் இருந்தது.

அன்றிலிருந்து இந்த மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று என்று சொல்லியிருந்தால் அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருப்பாரோ? ஜெபர்சனும் முந்தின இரவே நாலாகிவிட்டதா என்று கேட்டாராம். பக்கத்தில் இருந்தவர், ஆகாமலே ஆகிவிட்டதென்று தலையாட்டினாராம். அதையும் அண்ணாச்சிதான் சொல்லியிருந்தார். ஆனால் ஜெபர்சன் மறுநாள் மதியம் வரை உயிரோடு கிடந்தாரே! பொய் சொன்ன இடத்தில் உயிர் நின்றது, காலண்டரைப் பார்த்து உண்மையைச் சொன்ன இடத்தில் போய்விட்டது. இது என்ன கணக்கென்று அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

மனைவி கோமுவிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. ப்ரீதா தேதி கேட்டதை மட்டும் சொன்னார். வளர்பிறை நவமி இரண்டு ஊருக்கும் ஒன்றுதான், ஆற்றங்கரைக் குறுக்குத்துறையில் எள்ளும் தண்ணீரும் விடப் போகிறோம், திதிக்கு இல்லாத வழக்கு தேதிக்கு என்ன வந்தது என்று அவள் கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். அதுவும் அவருக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியில் ப்ரீதாவைக் கூப்பிட்டுவிட்டார். மூன்று என்றே வெட்டு, உங்கப்பா நாலைப் பார்க்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்று ஆரம்பித்து, ஒரு வருஷமாக உள்ளே கிடந்ததையெல்லாம் கொட்டினார். ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாமோ என்றார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அங்கே பிறந்தவள்தான், பேச்சு மட்டும் அப்பனுடையது.

“சித்தப்பா, அப்பா முதல்ல எங்கிட்டதான் கேட்டாங்க. நான் மூணுன்னேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தாங்க. பொறவு, ‘அங்கன விடிஞ்சிருக்கும், தம்பிக்குப் போடு’ன்னாங்க. நான்தான் போனைக் காதுல புடிச்சேன்.”

குமரகுருபரன் காலண்டர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைக்கத் தோன்றவில்லை. கோமு அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

“அப்போ எதை வெட்டச் சொல்ல, சித்தப்பா?” என்று கேட்டாள் ப்ரீதா.

அவர் காலண்டரை விட்டுத் திரும்பினார்.

“நாலுன்னு வெட்டச் சொல்லும்மா” என்றார். “தேதி போட்டா எடமும் போடணும், அதான் முறை. கீழ திருநெல்வேலின்னு வெட்டிரு.”