கெட்டி மூக்குக்காரி

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. என் தொடர்கதைத் துப்பறிவாளரை 'ஹார்ட்-நோஸ்டு' என்று ஜம்பமாக வர்ணித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டுமென்று ஆங்கில அகராதியைப் புரட்டினேன். இன்றைய பொருள்: கறார் பேர்வழி, எதற்கும் மசியாதவர். பழைய பொருள்: மோப்பம் பிடிக்கத் தெரியாத வேட்டைநாய்.

துப்பறிவாளர் அன்றே ராஜினாமா செய்துவிட்டார். அவர் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள்.

2

மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த... (வேண்டாம். என் கதைகளில் மழை ஏற்கெனவே ஓவர்டைம் பார்க்கிறது.)

அவள் சோப்புத் தொழிற்சாலையில் வாசனைப் பரிசோதகர். காகிதப் பட்டையைச் சரக்கில் தோய்த்து முகர்ந்து, 'சரி' அல்லது 'திருப்பு' என்பாள். ஒரு காய்ச்சலோடு மூக்கு வேலைநிறுத்தத்தில் இறங்கியது, திரும்பவேயில்லை. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. முதலில் வருவதை யோசிக்காமல் திருப்பினாள். அடித்துப்பிடித்துச் சரிசெய்து கொண்டுவந்தால், 'சரி' என்றாள்.

விளைவு? தரம் ஏறியது! மேனேஜர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். "மேடம் செம ஹார்ட்-நோஸ்டு!" தலைமைப் பரிசோதகர் பதவியும் கொடுத்தார். நிர்வாகத்தின் மோப்பசக்திக்கு வேறு சாட்சி வேண்டுமா?

3

வீட்டில் கணவர்:

"பால் தீஞ்சு தெருவே நாறுது. நீ பக்கத்துலயே நிக்கிறே!"

"போன்ல இருந்தேன்."

"போன் அங்க சார்ஜ்ல கிடக்கு. எத்தனை நாளா இப்படி?"

அவள் பாத்திரத்தைத் தேய்த்தாள்.

"சொல்லிடும்மா. வேற வேலை குடுப்பாங்க."

"குடுப்பாங்க. வாசல்ல நின்னு லாரிக்கு டாட்டா காட்டற வேலை."

(கணவரை வில்லனாக்கப் பார்த்தேன். பாவி மனுஷன் ஒத்துழைக்கவில்லை. பாத்திரத்தை வாங்கித் தானே தேய்க்கிறார்.)

4

மறுநாள் மேனேஜர் ஓடிவந்தார். "மேடம், குழந்தைங்க சோப்பு. எண்ணெய் கெட்டிருக்குமோன்னு வேலை பாக்கற பசங்களுக்கு சந்தேகம். திருப்பிச் செய்ய நேரமில்ல. நீங்க சரின்னா லாரியில ஏத்திடறோம். இல்லேன்னா மொத்தமும் குப்பை."

பட்டை அவள் மூக்கருகே நிற்கிறது.

முடிவு அ: உண்மையைச் சொல்கிறாள். எல்லோரும் கண்கலங்கி— (என் பத்திரிகை ஆசிரியரே நம்பமாட்டார்.)

முடிவு ஆ: 'சரி' என்கிறாள். லாரி கிளம்புகிறது. ஏதோ ஒரு வீட்டுக் குளியலறையில், ஒரு குழந்தையின்...

எழுத வரவில்லை. சரக்கு நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியாது. காகிதத்தில் என்ன வாசனை வரும்?

அவள் மேனேஜரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிப் பட்டையை நீட்டுகிறாள். "நீங்கதானே சார் எழுதறீங்க? மோந்து பாத்துச் சொல்லுங்களேன்."

நான் முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டு அதை உங்களிடம் தள்ளுகிறேன். பிடியுங்கள். லாரி இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது.